சோலைமந்தியைக் காணச் செல்லலாமா?

நாகர்கோவிலிலிருந்து வடக்கு நோக்கி நிற்பார்க்கு அசம்பு மலை நாடோறும் காட்சியளிக்கின்றது. மேகம் கவிந்த நாளில் அது மறைந்துவிடும்; மழை விட்ட மறுநாட் காலையிலோ கைக்கெட்டுந் தொலைவில் வந்து நிற்பதுபோலத் தோன்றும். நாஞ்சில் நாட்டு வயல்களைப் பசுமையுறச் செய்யும் ஆறுகள் அம்மலைத் தொடரிற் பிறந்தனவே. எனினும் அதன் உச்சிச் சோலைகளில் வாழ்வன எவை என்று நம் மாணாக்கரை வினவின், யானை என்பர், புலி என்பர். அதற்குமேற் சொல்வார் அரியர். அவர்களையே ஆப்பிரிக்க நாட்டு மலைக்கொரில்லாவைப் பற்றி வினவிப் பாருங்கள். அதன் மார்பறையும் வழக்கமும், முதுகு வெளுத்த முதிய ஆணின் பெருமிதமும் ஆகிய எல்லாம் அவர்க்குத் தெரியும். திரைப்படங்களும் கைப்பேசியும் அவற்றைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்திவிட்டன.

பொருள் படைத்தோர் சிலர் இக்காலத்து உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் விமானமேறிச் சென்று, மலைக்காட்டில் மூங்கிற் புதர்களுக்கும் காஞ்சொறிச் செடிகளுக்கும் இடையே நடந்து, கொரில்லாக் குடும்பத்தை ஒரு மணி நேரம் கண்டு மீள்கின்றனர். அதனைக் கேட்கும் இளைஞர், "நம் மலையிலும் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்குகள் உண்டாமே! அவற்றைக் காண நாமும் ஏன் இவ்வாறு செல்லலாகாது?" என்று வினவுகின்றனர். வினா நல்ல வினாவே. விடைதான் எளிதன்று. செல்லுதல் கூடாது என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவாரும் உளர்; சாலையைப் போட்டு எல்லாரையும் ஏற்றிச் செல்லுக என்பாரும் உளர். இவ்விருவரோடும் யாம் உடன்படுகின்றிலோம். கொரில்லாவின் கதையை முதலில் ஆராய்ந்து, பின்னர் எம் கருத்தைக் கூறுவோம்.

ஈண்டு நம் போன்ற மிஷன் கலாசாலையார்க்கு இனிமை பயக்கும் செய்தியொன்று உண்டு. கொரில்லாவை அறிவுலகிற்கு அறிவித்தவர் ஒரு மிஷனரியே. அமெரிக்கரும் மருத்துவருமான தாமஸ் ஸ்டாட்டன் சாவேஜ் என்பார், 1847-ஆம் ஆண்டில் மேலை ஆப்பிரிக்காவில் காபோன் ஆற்றங்கரையிலே, ஜான் லெய்டன் வில்சன் என்னும் மிஷனரியின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. ஆங்கு அவர் பெரியதொரு மண்டையோட்டைக் கண்டு, இஃது இதுவரை அறியப்படாத விலங்கினது என உணர்ந்து, ஜெப்ரீஸ் வைமன் என்ற உடற்கூற்று அறிஞரோடு சேர்ந்து அவ்வாண்டிலேயே அதனை எழுதி வெளியிட்டார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையோரம் கப்பலிற் சென்ற கார்த்தேஜ் நகரத்து ஹன்னோ என்பவன் தன் பயணக் குறிப்பில் 'கொரில்லாய்' என்று வழங்கிய பெயரையே அதற்கு இட்டனர்.

நம் மலைக் கருங்குரங்கின் கதையும் இதனோடு ஒத்தது. விலங்கு நூலார் அதற்கு வழங்கும் பெயரில் 'ஜானி' என்பது ஈற்றுச் சொல். அந்த ஜான் யார்? தரங்கம்பாடியில் 1771 முதல் தாம் இறந்த 1813 வரை ஊழியம் செய்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் மிஷனரி. பள்ளிகள் நிறுவிய அப்பெரியார், ஓய்ந்த வேளையிற் சிப்பியும் மீனும் பாம்பும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பி வந்தார். நம்மூரார் மண்ணுளி என்று கூறும் பாம்பும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. சாலொமோன் அரசனுடைய கப்பல்கள் கொணர்ந்த பொருள்களிற் குரங்கும் மயிலும் இருந்தன என்பது வேதத்தால் அறிவோம். அம்மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் தமிழ்த் 'தோகை'யோடு உறவுடையது என்று நம் அண்டை ஊராகிய இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அக்கப்பல்களில் ஏறிய குரங்கு எம்மலைக் குரங்கோ, அதனைச் சொல்வார் இலர்.

இது நிற்க. சாவேஜ் கண்டது தாழ்ந்த காட்டுக் கொரில்லா. மலைக்கொரில்லாவை ஐரோப்பியர் அறிந்தது 1902-இல். அறிந்த விதமோ துப்பாக்கியால். ஜெர்மானியப் படைத்தலைவன் பெரிங்கே என்பவன் விருங்கா எரிமலைத் தொடரில் சபின்யோ மலைமீது இரண்டினைச் சுட்டு வீழ்த்தினான். அவன் பெயரே அவ்வினத்திற்கு இடப்பட்டது. கொன்றவன் பெயரால் கொல்லப்பட்டது வழங்குவது எமக்கு எப்பொழுதும் வியப்பையே தருகின்றது. அதன்பின் காட்சிச்சாலைகளுக்காக வேட்டையாடுவோர் பலர் வந்தனர். அவருள் கார்ல் ஏக்லி என்னும் அமெரிக்கர் 1921-இல் நியூயார்க்குக் காட்சிச்சாலைக்கென்று சிலவற்றைச் சுட்டபின் மனம் மாறி, இவை காக்கப்படல் வேண்டும் என்று பெல்ஜிய அரசரிடம் முறையிட்டார். 1925-இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அம்மலைகளிலே தோன்றிற்று. மறு ஆண்டு மீண்டும் அங்கு சென்ற ஏக்லி, மிகேனோ மலைச்சாரலில் நோயுற்று இறந்து அங்கேயே அடக்கமானார்.

ஆயினும் பூங்கா என்று பெயரிட்டதனால் மட்டும் விலங்கு பிழைத்துவிடவில்லை. உழுநிலம் தேடுவோரும் மாடு மேய்ப்போரும் கண்ணி வைப்போரும் காட்டினுட் புகுந்தனர். 1967-இல் கரிசோக்கே என்னுமிடத்தில் குடிலமைத்து ஆராய்ந்த டயான் ஃபாஸி அம்மையார், தாம் பெயரிட்டு அன்பு பாராட்டிய டிஜிட் என்னும் ஆண் கொரில்லா 1977-ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கொல்லப்படக் கண்டார். 1985 டிசம்பரில் அவரும் தம் குடிலிலே கொலையுண்டார். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விருங்காவில் எஞ்சியவை 250 அளவேயாம். அக்காலத்தில் ருவாண்டா அரசாங்கத்தார் பூங்காவின் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணைக்கு ஒதுக்க எண்ணினர். அவரைக் கொடியர் என்று கூறுதல் எளிது. நிலமின்றி நெருங்கி வாழும் ஏழைக்குடிகளின் அரசாங்கம் வேறென் செய்யும்? அப்பொழுது வெபர், வெடர் என்னும் ஆராய்ச்சித் தம்பதியர் ஒரு வழி கூறினர்: மாட்டினால் வரும் ஊதியத்தினும் மிகுதியாக, கொரில்லாவைக் காணச் சிறு தொகையினரை அழைத்து வருதலால் ஊதியம் பெறலாம் என்பது. 1979-இல் அவ்வழி தொடங்கிற்று. ஃபாஸி அம்மையார் அதனை வெறுத்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. நோயும் கேடும் மனிதரோடு நுழையும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் வீண் அச்சமன்று.

அவ்வச்சத்தினின்றே விதிகள் பிறந்தன. அவ்விதிகளை நம் இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும் என்று யாம் விரும்புகின்றோம். மனிதரைக் கண்டு வெருளாதிருக்கும்படி ஒரு குடும்பத்தைப் பழக்குவதற்கே ஈராண்டும் அதற்கு மேலும் ஆகின்றது. வழிகாட்டிகள் நாடோறும் சென்று, அமைதியாக அமர்ந்து, மீள்வர். அங்ஙனம் பழகிய குடும்பத்தையும் ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேற் காணலாகாது. காணும் நேரம் ஒரு மணி. மணி முடிந்ததும், கொரில்லாக் குட்டி எத்துணை அழகாக விளையாடினும், எழுந்து நடத்தல் வேண்டும். ஏழு மீட்டர் தொலைவென்று முன்பு வகுத்திருந்ததைக் கொரோனா நோய்க்குப்பின் பத்து மீட்டராக்கி, முகக்கவசமும் அணியச் செய்தனர். தடிமனும் இருமலும் உடையார் செல்லலாகாது. பதினைந்து வயது நிரம்பாதாரும் செல்லலாகாது. நம் தடிமன் அவ்விலங்கின் மார்பிற் புகின் உயிரையே வாங்கிவிடும். 2021 ஜனவரியில் அமெரிக்காவிலுள்ள சான் டியேகோ காட்சிச்சாலைக் கொரில்லாக்களுக்கு மனிதரிடமிருந்தே கொரோனா தொற்றியதை உலகம் அறியும். கொரில்லாக்களுக்கென்றே மலையேறிச் சென்று மருத்துவம் பார்க்கும் மருத்துவர் குழுவும் ஆங்குண்டு.

ருவாண்டாவில் அயல்நாட்டார் ஒருவர் ஒருமுறை காண்பதற்குக் கட்டணம் 2017 முதல் 1500 டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்டது. இஃது ஒரு மணி நேரத்திற்கு! பூங்காக்களின் வருவாயிற் பத்திலொரு பங்கு சுற்றிலும் வாழும் ஊரார்க்குப் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் நீர்த்தொட்டியாகவும் சேர்கின்றது. முடிவு என்ன? 2018-இல் வெளிவந்த கணக்கின்படி விருங்காவில் 604. அடுத்த ஆண்டு வெளிவந்த கணக்கின்படி உகாண்டாவின் பிவிண்டிக் காட்டில் 459. ஆக மலைக்கொரில்லாக்களின் தொகை 1063. பெருங்குரங்கினங்களுள் தொகை பெருகி வருவது இது ஒன்றே எனப்படுகின்றது. இடையில் 1994-ஆம் ஆண்டுப் படுகொலையின் பேரிருளையும் அந்நாடு கடந்து வந்தது என்பதை நினைக்குங்கால், அவ்வெண்ணின் அருமை விளங்கும். 2020-இல் நோயால் பயணிகள் வருகை நின்றபோது, பிவிண்டியில் ரஃபிக்கி என்னும் புகழ்பெற்ற ஆண் கொரில்லா வேட்டைக்காரன் ஈட்டியால் மாண்டது. காண்பார் இல்லாத காடு காவலும் குன்றிய காடாகும் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவார் பலர். யாமும் காட்டுவோம், ஆயின் ஒரே சான்றின்மேல் பெரும் மாளிகை எழுப்பமாட்டோம்.

இம்முறையிற் குறை இல்லை என்று கருதற்க. பிவிண்டிக் காடு 1991-இல் தேசியப் பூங்காவாயிற்று. அன்றே அதனுள் தொன்றுதொட்டு வாழ்ந்த பட்வா மக்கள் நிலமும் ஈடும் இன்றி வெளியேற்றப்பட்டனர். தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்தவர் பிறர் வயலிற் கூலியாயினர். இந்நாளில் அவர் தம் பழைய வாழ்க்கையைப் பயணிகள் முன் நடித்துக் காட்டிச் சிறு காசு பெறுகின்றனர். கொரில்லா மீண்டது, காட்டின் மகன் மீளவில்லை. மற்றொன்று: அந்நாட்டுக் குடிகட்குக் கட்டணம் குறைவே எனினும், தம் மலையில் வாழும் விலங்கைக் காணாமலே மூப்பெய்தும் ஏழைகள் மலையடிவாரத்தில் எத்துணையரோ! செல்வர்க்கு மட்டும் திறக்கும் கதவை யாம் முழுமனத்துடன் போற்றுதல் இயலாது.

இனி நம் மலைக்கு வருவோம்.

அசம்பு மலைச் சோலைகளில் மூவகைக் குரங்குகள் வாழ்கின்றன. சாலையோரத்தில் நாம் காணும் செம்முகத்து நாட்டுக்குரங்கு ஒன்று. உடல் முழுதும் கருத்து, தலைமயிர் மட்டும் பழுப்பேறி நிற்கும் கருங்குரங்கு இரண்டாவது. முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரியும், நுனியிற் குஞ்சமுள்ள சிறு வாலும் உடைய சோலைமந்தி மூன்றாவது. இதனைச் சிங்கவாற் குரங்கு என்றும் வழங்குவர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றாக எண்ணி, இவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரையும், குரங்கின் ஆணுக்குக் கடுவன் என்னும் பெயரையும் விதித்தது. அம்மரபின்படி 'சோலைமந்தி ஆண்' என்பது இலக்கண வழுவாகும். ஆயினும் வழக்கு வென்றுவிட்டது. எட்டு நூற்றாண்டாகக் காப்பியமும் கோயிற் சிற்பமும் வானரப் புகழ் பாடும் இந்நாட்டில், சுசீந்திரத்து நெடிய அனுமாரை வணங்கும் இந்நாட்டில், மலைமேல் உயிரோடு உலவும் வானரத்தின் பெயரும் அறியாதிருத்தல் புதுமையே.

சோலைமந்தி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. வடக்கே கன்னட நாட்டு ஷராவதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகள் முதல் தெற்கே அசம்பு மலை வரை, இடையிடையே துண்டுபட்ட சோலைகளில் மட்டும் வாழ்வது. உலகில் எஞ்சியுள்ளவை நாலாயிரத்திற்கும் குறைவு என்பது அறிஞர் மதிப்பீடு. அது பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்குவதில்லை. முள்ளடர்ந்த வெடிப்பலாவின் காயைப் பிளந்து விதையை உண்ணும். பூவையும் பூச்சியையும் உண்ணும். கன்னப்பையில் அடக்கிக்கொண்டு கிளைதாவும். கூட்டம் பத்து இருபது உருக்களைக் கொண்டது. பெண் ஆறாண்டுக்கு மேலாகியே முதற்குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டுக்கு மேலாகும். இவ்வளவு மெல்லப் பெருகும் உயிரில் ஒன்றை இழத்தல் பல்லாண்டு வளர்ச்சியை இழத்தலாம். மரக்கிளை தொடர்ந்து நிற்றல் அதற்கு வீதி. சாலைக்கென்று இருபது முழம் வெட்டினால் அதன் ஊர் இரண்டாய்ப் பிளந்துபோம்.

கருங்குரங்கிற்கு வந்த இடர் வேறு. கருங்குரங்கு இரசாயனம் என்றும் இலேகியம் என்றும் நம் பக்கத்து மருந்துகளில் அதன் ஊன் சேர்க்கப்பட்டமையால், ஈளை நோயாளர்க்கென்று எண்ணிறந்தவை சுடப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னரே அவ்வாணிகம் ஒடுங்கிற்று. முதியோர் சிலர் இன்றும் அம்மருந்தின் பெயரை மறந்திலர்.

சோலைமந்தியைக் காத்த வரலாற்றில் நம் மலைக்குச் சிறப்பிடம் உண்டு. 1970-களின் முற்பகுதியில் ஸ்டீவன் கிரீன், காரென் மின்கௌஸ்கி என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இம்மலைத் தொடரில் தங்கி இதனைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். உலகில் 400 அளவே எஞ்சியிருக்கலாம் என அவர் அஞ்சி உரைத்தனர். பின்வந்தோர் அக்கணக்கைக் கூட்டினரேனும், அவ்வச்சம் நன்மையே செய்தது. 1976-இல் களக்காட்டுக் காடு இவ்விலங்கின் பொருட்டே சரணாலயமாயிற்று. 1988-இல் அது முண்டந்துறையோடு சேர்க்கப்பட்டுத் தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகமாயிற்று. மலையாள நாட்டில் அமைதிப் பள்ளத்தாக்கை அணையின் நீரில் மூழ்காமற் காத்த கிளர்ச்சியிலும் இம்மந்தியே கொடியாக நின்றது. நம் மாவட்டத்துக் காட்டில் 402 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஆக்கப்பட்டது. வயலும் கடலும் நெருங்கிய இச்சிறு மாவட்டத்தில் இத்துணைக் காடு எஞ்சியிருப்பது நம் நற்பேறு.

இப்பொழுது நாம் மலைக்குச் செல்லும் விதம் யாது? விடுமுறை நாளிற் காரிலும் மோட்டார் வண்டியிலும் கூட்டமாக ஏறுகின்றோம். அருவியில் நீராடுகின்றோம். பாறைமேற் சமைத்ததை உண்டு இலையையும் பிளாஸ்டிக்கையும் அங்கேயே விடுகின்றோம். குரங்கு வந்தால் முறுக்கும் வாழைப்பழமும் எறிகின்றோம். அது கையிலிருப்பதைப் பறித்தால் கல்லெறிகின்றோம். நாட்டுக்குரங்கு பிச்சையெடுக்கக் கற்றது நம்மிடத்தில். திருடக் கற்றதும் நம்மிடத்திலே. சாலையில் உணவுக்காக இறங்கி வண்டியில் அடிபட்டு மாய்வதும் அதனாலே. வால்பாறையில் புதுத்தோட்டம் என்னும் தேயிலைத் தோட்டத்தின் நடுவே சிறு சோலைத் துண்டில் அகப்பட்ட சோலைமந்திகள், மரத்தினின்று இறங்கிச் சாலையைக் கடக்கவும் வீடுகளிற் புகவும் பழகிவிட்டன. ஆங்கு ஆராய்ச்சியாளர் தீயணைப்புப் படையின் பழைய நீர்க்குழாய்த் துணிகளைக் கொண்டு மரத்துக்கு மரம் பாலங் கட்டியும், சாலையிற் காவலரை நிறுத்தியும் காத்து வருகின்றனர். நன்முயற்சியே. ஆனால் அந்நிலை அசம்பு மலைக்கும் வரலாகாது என்பதே எம் கவலை. கொரில்லாவைப் பழக்குதல் வேறு. சோற்றால் குரங்கைக் கெடுத்தல் வேறு. முன்னது ஈராண்டுப் பொறுமை. பின்னது ஒரு முறுக்குப் பொட்டலம்.

"அங்ஙனமாயின் மலையை அடைத்தே வைப்போம், எவரும் செல்லற்க" என்பார்க்கு யாம் கூறும் விடை இது. அடைத்த கதவின் பின்னே நிகழ்வதை அறிவார் யார்? காணாத பொருள்மீது அன்பு கொள்வார் அரியர். நாளை ஒரு நாள் மலைமேற் புதுச்சாலையோ சுரங்கமோ தோட்டமோ வேண்டும் என்று எவரேனும் எழுந்தால், 'ஆகாது' என்று எழுந்து நிற்பதற்கு, அச்சோலையினுள் ஒருமுறையேனும் நின்றறிந்தவர் சிலர் இந்நாட்டில் வேண்டாமோ? அமைதிப் பள்ளத்தாக்கிற்காக வாதாடிய ஆசிரியரும் மாணாக்கரும் கவிஞரும் இல்லையேல் அது இன்று ஏரியாயிருக்கும். மேலும், அளவோடு திறத்தல் நமக்குப் புதிதன்று. அகத்தியர்கூடத்திற்கு மலையாள நாட்டுப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் குறித்த காலத்தில், குறித்த தொகையினரை, அனுமதிச் சீட்டுடன் அவ்வரசாங்கத்தார் நடத்திச் செல்கின்றனர். பெண்டிர்க்கு இருந்த தடையும் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி 2019 முதல் அவரும் ஏறுகின்றனர். அவ்வேற்பாட்டிலும் குறை கூற இடமுண்டு. ஆங்குச் செல்வார் பெரும்பாலும் உச்சியை எட்டுதலையே நோக்குகின்றனர், வழியில் உள்ளவற்றை நோக்குகின்றிலர்.

ஆகலின் எம் கருத்து இது. சோலைமந்தியைக் காணச் செல்லலாம். நடந்து செல்லுதல் வேண்டும். சிலரே செல்லுதல் வேண்டும். வனத்துறையார் வகுத்த பாதையில், அவர் அனுமதியுடன் செல்லுதல் வேண்டும். எட்டுப் பேர், ஒரு மணி நேரம், உணவு கொடாமை, நோயுடையார் விலகுதல் என்னும் கொரில்லா விதிகளை மாற்றமின்றி ஏற்றுக்கொள்ளலாம். கட்டணத்தை மட்டும் ஏற்கலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்து அரசாங்கப் பள்ளி மாணவன் தன் மலையைக் காண்பதற்கு ஒரு நாட் பேருந்துச் செலவுக்கு மேல் ஆகுமாயின், அஃது அவனுக்குத் திறந்த மலையாகாது. சென்னையிலிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் வருவார் மிகுதியாகக் கொடுக்கட்டும். அதனால் நம் பிள்ளைகள் செல்லட்டும். காட்சி உறுதியன்று என்பதையும் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். மந்தி மரமுடியில் வாழ்வது. மழைக்காட்டில் மேகம் இறங்கினால் பத்தடிக்கப்பால் ஒன்றும் தோன்றாது. அட்டை கடிக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றும் ஒரு கிளையசைவைத் தவிர ஒன்றும் காணாது மீள நேரும். பணங்கொடுத்தவன் பண்டம் பெறாமற் போவேனோ என்று வாதாடுவானாயின், அவன் செல்லாதிருத்தலே நன்று. வழிகாட்டியை வற்புறுத்திக் கூட்டத்தைத் துரத்தச் செய்வோர் இவ்வகையினரே.

வழிகாட்டி யார்? இதுவே எம் கருத்தின் உயிர்நிலை. பேச்சிப்பாறையைச் சூழ்ந்த மலைகளில் வாழும் காணிக்காரரே வழிகாட்டிகளாதல் வேண்டும். எம்மரம் எப்பொழுது பழுக்கும், எவ்வோசை எவ்விலங்கினது, யானை இரவில் எவ்வழி சென்றது என்பன அவர்க்குப் பாடப்புத்தகமின்றியே தெரியும். கூலியாளாக மூட்டை சுமக்க மட்டும் அவரை அழைப்பது தகாது. அவருடைய ஊர்க்கூட்டமே பாதையையும் தொகையையும் தீர்மானிக்கும் உரிமை பெறுதல் வேண்டும். வருவாயிற் பங்கு அவர்க்குச் சேருதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்க்குக் காட்டின்மேல் உரிமை உண்டென்று ஒப்புகின்றது. பட்வா மக்களுக்கு நேர்ந்தது இவர்க்கு நேராதிருக்க அது துணையாகும்.

இதற்கு முன்மாதிரியும் அருகிலேயே உண்டு. 1987-இல் அகத்தியர் மலையில் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் காணி வழிகாட்டிகளோடு நடந்தனர். அறிஞர் களைத்து வீழ, வழிகாட்டிகள் ஏதோ ஒரு சிறு காயை மென்று சோர்வின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியினின்று 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் அதனைச் செய்யும் உரிமையை ஒரு மருந்தகம் பத்து லட்ச ரூபாய்க்குப் பெற்றது. அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு எனத் தீர்மானிக்கப்பட்டு, அதன்பொருட்டு அவர்தம் அறநிலையம் ஒன்றும் அமைந்தது. பிற்காலத்தில் அம்முயற்சி எண்ணியவாறு செழிக்கவில்லை. செடியைக் காட்டிலிருந்து எடுப்பது பற்றி வனத்துறைக்கும் மக்களுக்கும் பிணக்கு எழுந்தது. ஆயினும் மலைவாழ்நரின் அறிவுக்கு விலையுண்டு, அவ்விலை அவரைச் சேர்தல் வேண்டும் என்பதை உலகிற்கு முதன்முதல் எடுத்துரைத்தவற்றுள் அஃது ஒன்று. நடந்து சென்ற ஒருநாட் களைப்பினின்று அது பிறந்தது என்பதையும் மறவற்க.

இவை அரசாங்கத்தார் செய்யத்தக்கன. அவர் செய்யுமளவும் நம் மாணாக்கர் வாளாவிருத்தல் வேண்டா. அனுமதியின்றி உட்காட்டிற் புகுந்து, கண்டதைப் படம்பிடித்து, இடத்தின் பெயரோடு கைப்பேசியிற் பரப்பும் வழக்கத்தை முதலில் விடுதல் வேண்டும். ஒருவர் இட்ட படத்தைப் பார்த்து நூற்றுவர் வருவர். நூற்றுவரில் ஒருவன் துப்பாக்கியுடன் வரவும் கூடும். அரிய உயிரைக் கண்டால் நாளும் பொழுதும் மரமும் குறித்துக்கொண்டு, வனத்துறையார்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் மட்டும் அறிவித்தலே முறை. கண்ணும் காதும் பழகுவதற்கு மலையுச்சி வேண்டுவதில்லை. நம் கலாசாலைச் சோலையில் உள்ள அணிலையும் மைனாவையும் ஓராண்டு குறிப்பெழுதிக் கற்றவனே சோலைமந்தியைக் காணத் தகுதியுடையான். கொரில்லாவிற்குப் பொறுமை கற்றவரும் இவ்வாறே தொடங்கியிருப்பர்.

நம் கலாசாலையில் விலங்கியல் வகுப்புகள் உண்டு. தவளையை அறுத்துக் காணும் அறையும் உண்டு. வரும் ஆண்டில் அவ்வகுப்பார், மலையிலிருந்து காணிப் பெரியவர் ஒருவரை மூன்று நாள் அழைத்து, மரங்களின் பெயரையும் குரங்குகளின் குரலையும் கற்பிக்கச் செய்யலாம். கரும்பலகையில் எழுதும் வழக்கம் அவர்க்கு இல்லாமற் போகலாம்; அவர் வாயாற் சொல்வதை மாணாக்கர் எழுதிக்கொள்ளட்டும். சென்னையிலிருந்து வரும் சொற்பொழிவாளர்க்கு நாம் அளிக்கும் ஊதியம் எதுவோ அதுவே அவர்க்கும் அளிக்கப்படல் வேண்டும். பேருந்துச் செலவு வேறாக.